எலும்பின் முதுமைக்கு எது சான்று?

ஒரு செய்தியின் உண்மையை நிலைநாட்டச் சான்று வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆயினும் சான்று கிடைத்துவிட்டது என்பதனாலேயே வழக்கு முடிந்துவிடுவதில்லை. சான்றுரைப்பவர் நிகழ்ச்சியை நேரில் கண்டவரா, கண்டவரிடம் கேட்டறிந்தவரா, அன்றி நிகழ்ந்த ஊருக்கே வந்திராதவரா என்று உசாவிய பின்னரே அறமன்றம் அவர் சொல்லுக்கு எடை தருகிறது. அறிவியலும் இந்நெறிக்கு விலக்கன்று. முதுமையில் எலும்பு ஏன் மெலிகிறது, எதனால் எளிதில் முறிகிறது, எம்மருந்தால் அதனைக் காக்கலாம் என்னும் வினாக்களுக்கு விடை தேடி உலகின் ஆய்வுக்கூடங்கள் பல தலைமுறைகளாக எலியைச் சான்றுக்கு அழைத்து வருகின்றன. அவ்வாறு அழைக்கப்பட்ட எலிகளுள் மிகப் பல, முதுமையை ஒரு நாளேனும் கண்டறியாதவை. இளமையின் சொல்லைக் கேட்டு முதுமைக்குத் தீர்ப்பு எழுதும் இவ்வழக்கம் எங்ஙனம் வந்தது, அதனால் விளைந்தது என்ன, அதனைத் திருத்தும் கடமை யாருடையது என்பனவற்றை ஆராய்வது இன்றைய தேவையாகும்.

இது வல்லுநர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுட்பச் சிக்கல் என்று கருதி ஒதுங்குவதற்கில்லை. எலும்புப்புரை ஓசையின்றி வளரும் நோய். வலியோ வீக்கமோ முன்னறிவிப்புத் தராத நிலையில், ஒரு சிறு சறுக்கலில் இடுப்பெலும்பு முறிந்த பின்னரே அது இருந்தமை பலருக்குத் தெரிய வருகிறது. அம்முறிவுக்குப் பின் முன்போல நடமாட இயலாமல் போகும் முதியோர் பலர். படுக்கையிலிருந்து எழாமலே உயிர் நீப்போரும் உளர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே அறுபது வயதை எட்டியவர் இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேல் இருந்தனர். அவர்களுக்கென விற்கப்படும் மருந்துகளும் சத்துப் பொருள்களும் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆய்வெலியின் எலும்பில் முதலில் உரைத்துப் பார்க்கப்பட்டவையே. ஆதலின் அந்த எலிக்கு எத்தனை வயது என்னும் வினா, முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.

எலி இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலாக நிகழ்ந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனம் ஆய்வுக்கெனவே ஒரு வகை வெள்ளை எலியை வளர்க்கத் தொடங்கியது. இன்று உலகின் ஆய்வெலி வகைகளுள் பல அம்மூலத்திலிருந்து கிளைத்தவை. இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே வாழும் உயிர் என்பதால், பிறப்பு முதல் இறப்பு வரை அதன் வாழ்நாள் முழுவதையும் ஓர் ஆய்வாளர் தம் பணிக்காலத்திற்குள்ளேயே பலமுறை கண்டு முடிக்கலாம். 1935இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கே என்பாரும் அவருடைய துணைவரும், ஊட்டச்சத்துக் குறையாமல் உணவின் அளவை மட்டும் குறைத்து வளர்த்த எலிகள் நெடுநாள் வாழ்ந்ததைக் காட்டியபோது, முதுமையை ஆராய்வதற்கு எலி எத்துணைத் தகுதி வாய்ந்தது என்பது உறுதியாயிற்று. முதுமை வரும்வரை எலியை வாழவிட்டு ஆராய்ந்தனர் என்பதே அவ்வாய்வின் சிறப்பு என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும்.

எலும்பாய்வு வேறொரு வழியில் வளர்ந்தது. 1940களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகர மருத்துவர் புல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதையும் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதையும் இணைத்துக் காட்டினார். அதன் பின் அவ்வுறவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்க்கும் முயற்சிகள் எழுந்தன. பெண் எலியின் சினைப்பைகளை அறுத்து அகற்றினால், நீண்ட எலும்புகளின் முனைப்பகுதியில் உள்ள பஞ்செலும்பு சில கிழமைகளுக்குள்ளாகவே பெரும்பங்கு கரைந்துபோவது தெரிய வந்தது. இழப்பு விரைவானது, அளப்பதற்கு எளிது, ஒவ்வொரு முறையும் ஒரே வகையில் நிகழ்வது. ஈஸ்ட்ரோஜனை மீண்டும் செலுத்தினால் இழப்பு தடைப்படுவதும் மனிதப் பெண்களிடம் காணப்படுவதை ஒத்திருந்தது. 1994இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், எலும்புப்புரை மருந்துகளை மனிதரிடம் விரிவாக ஆய்வதற்கு முன் இரு வகை விலங்குகளில் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டியபோது, அவ்விரண்டனுள் ஒன்றாகச் சினைப்பை நீக்கிய எலியைக் குறித்தது. நம் நாட்டில் இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலும் இம்முறையே நெடுங்காலமாகக் கையாளப்படுகிறது.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றி கோறலாகும். எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்துகள் பலவற்றின் செயற்பாட்டை முதலில் விளக்கியது இந்த எலியே. ஆனால் அது விடை சொல்லத் தகுதி பெற்ற வினா ஒன்றே ஒன்று: ஈஸ்ட்ரோஜன் திடீரென அற்றுப்போனால் எலும்புக்கு என்ன நேரும் என்பது. மூன்று மாதமோ ஆறு மாதமோ நிரம்பிய, வளர்ச்சி முடியாத, சிறுநீரகமும் குடலும் தசையும் செழித்திருக்கும் ஓர் இளம் உயிரிடமிருந்து ஒரேயொரு சுரப்பைப் பறித்துவிட்டு, அதன் விளைவை முதுமை என்று பெயரிட்டு அழைப்பது, ஒரு பகுதியை முழுமையென மயங்குவதாகும். ஆணுக்கும் முதுமையில் எலும்பு மெலிகிறது. மாதவிடாய் நின்று இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் பெண்ணின் எலும்பு மெலிந்துகொண்டே செல்கிறது. ஸ்டாவ்ரோஸ் மனோலகாஸ் என்னும் அறிஞர் 2010இல், எலும்புப்புரைக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவையே நடுவாக வைத்துச் சிந்திக்கும் போக்கை மாற்றி, முதுமையையே அடிப்படைக் காரணமாகக் கொண்டு ஆராய வேண்டும் என்று வாதிட்டார். அவ்வாதத்தின் ஒவ்வொரு கூறும் ஏற்கப்பட்டதோ இல்லையோ, அது எழுப்பிய வினாவை ஒதுக்கிவிட முடியாது.

இயற்கையாக மூப்பெய்தும் எலியின் எலும்பில் நிகழ்வதென்ன? முதற்கண், எலியின் எலும்பு மனித எலும்பைப் போல வளர்ச்சியை ஒரு கட்டத்தில் முற்றாக நிறுத்திக்கொள்வதில்லை. மனிதரிடம் இளமைப் பருவம் முடிவதற்குள் எலும்பு முனைகளிலுள்ள வளர்தட்டுகள் மூடிவிடுகின்றன. எலியோ ஏறத்தாழ இரண்டு மாதத்திற்குள் இனப்பெருக்க வயதை எட்டிய பின்னரும் நெடுங்காலம் வளர்தட்டுகள் மூடாமலேயே மெல்ல வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் எலும்பு நிறை உச்சத்தை எட்டுவதற்கு ஓராண்டை ஒட்டிய காலம் ஆகிறது. ஆதலின் மூன்று மாத எலியிடம் காணப்படும் எலும்பு மாற்றத்தில், வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, தேய்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். ஒரு மருந்து எலும்பைக் கூட்டியது என்று அங்கே காணப்படுவது, வளர்ச்சியை விரைவுபடுத்தியதன் விளைவாகவும் இருக்கக்கூடும். வளர்ச்சி நின்று நாற்பது ஆண்டுகளான மூதாட்டிக்கு அதனால் பயன் இல்லை.

அடுத்து, பெண் எலிக்கு மனிதப் பெண்ணைப் போன்ற மாதவிடாய் நிறுத்தம் இல்லை. ஏறத்தாழ ஓராண்டு வயதை ஒட்டி அதன் இனப்பெருக்கச் சுழற்சி ஒழுங்கு குலைகிறது. பின்னர் நெடுநாள் நீளும் ஒரே நிலை, பொய்க் கருவுற்ற நிலை எனப் பல கட்டங்களைக் கடந்தே அது ஓய்கிறது. இக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் அற்றுப்போவதில்லை. அவ்வாறிருந்தும் அகவை ஏற ஏறப் பஞ்செலும்பு அடர்த்தி இழக்கிறது. சினைப்பை அறுவையால் சில கிழமைகளில் நிகழும் இழப்பு, இயற்கை மூப்பில் பல மாதங்களில், உறுப்புக்கு உறுப்பு வேறுபட்டு, மெல்ல நிகழ்கிறது. ஆண் எலியிடமும் முழங்காலை அடுத்த எலும்பு முனையிலும் முதுகெலும்பிலும் இவ்விழப்புத் தெளிவாகவே காணப்படுகிறது. ஆயினும் இருபாலார்க்கும் அதன் வேகமும் இடமும் ஒன்றல்ல.

கெட்டியான புற எலும்பில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. மூத்த எலியின் தொடையெலும்பில் உட்புறச் சுவர் கரைந்து, மச்சை தங்கும் உட்குழி அகன்று செல்கிறது; அதே வேளையில் வெளிப்புறத்தில் புதிய எலும்பு மெல்லப் படிந்து, எலும்பின் சுற்றளவைப் பெருக்குகிறது. சுவரின் தடிமன் குறைந்தாலும் விட்டம் பெருகுவதால், வளைவைத் தாங்கும் வலிமை ஓரளவு காக்கப்படுகிறது. மனிதரிடமும் இதனை ஒத்த ஈடுசெய்தல் நிகழ்வது அறியப்பட்டதே. இந்த உண்மையை அறியாமல் அடர்த்தியை மட்டும் அளந்து பார்ப்பவர் எலும்பு நலிந்தது என்பர். விட்டத்தை மட்டும் அளந்து பார்ப்பவர் எலும்பு வலுத்தது என்பர். இரண்டும் அரைகுறைத் தீர்ப்புகளே.

உயிரணுக்களின் அளவிலும் முதுமை தன் அடையாளத்தைப் பதிக்கிறது. எலும்பைக் கட்டும் உயிரணுக்களாக மாற வேண்டிய மூல அணுக்கள் குறைகின்றன. மச்சையில் கொழுப்பு மிகுகிறது. புதிய எலும்பு படியும் வேகம் தளர்கிறது. குடல் உணவிலிருந்து கால்சியத்தை ஈர்க்கும் திறனும், சிறுநீரகம் வைட்டமின் டியைச் செயலூக்கமுள்ள வடிவாக மாற்றும் திறனும் அகவையோடு குறைவது எலிகளிடமே நிறுவப்பட்டுள்ளது. முறிந்த எலும்பு கூடும் காலத்தைப் பார்த்தால் இவ்வேறுபாடு கண்கூடாகும். ஆறு கிழமை வயதுள்ள எலியின் தொடையெலும்பு முறிந்தால் ஏறத்தாழ நான்கு கிழமைகளில் பழைய வலிமையைப் பெறுகிறது. இருபத்தாறு கிழமை வயதுள்ள எலிக்கு அதனைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட காலம் வேண்டியிருக்கிறது. ஓராண்டு நிரம்பிய எலிக்கோ ஆறு மாதம் கடந்தும் அது முழுமையாகக் கைகூடுவதில்லை. ஓராண்டு என்பது எலிக்கு நடுவயதே அன்றி முதுமையும் அன்று. அந்நிலையிலேயே இத்துணை வேறுபாடு என்றால், ஆறு கிழமை எலியில் எலும்பைக் கூட்டிய ஒரு முறையை எண்பது வயது மனிதருக்கு உரியதென்று எவ்வாறு கூறுவது?

இயற்கையாக மூத்த எலியைச் சான்றாகக் கொள்வதும் எளிதன்று என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். முதுமை தனியே வருவதில்லை. நோய்களை உடன் அழைத்து வருகிறது. ஆய்வில் மிகுதியாகப் பயன்பட்ட பிஷர் 344 வகை எலிகளுக்கு, குறிப்பாக ஆண் எலிகளுக்கு, அகவை ஏற ஏறச் சிறுநீரகம் படிப்படியாகச் சிதைவது வழக்கம். சிறுநீரகம் சிதைந்தால் உடலின் கால்சியச் சமநிலை குலைகிறது. அதனை ஈடுசெய்யக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாகச் சுரக்கின்றன. அம்மிகைச் சுரப்பு எலும்பைக் கரைக்கிறது. ஆகவே அந்த மூத்த எலியின் எலும்பிழப்பில் முதுமைக்கு உரிய பங்கு எவ்வளவு, சிறுநீரக நோய்க்கு உரிய பங்கு எவ்வளவு என்ற ஐயம் எழுகிறது.

இந்த ஐயத்தை நேருக்கு நேர் எதிர்கொண்ட பெருமை, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பணிபுரிந்த கலு என்னும் அறிஞர்க்கும் அவருடைய குழுவினர்க்கும் உரியது. வாழ்நாள் முழுதும் உணவு குறைத்து வளர்க்கப்பட்ட எலிகளிடம் பாராதைராய்டின் மிகைச் சுரப்பும் முதுமைக்கால எலும்பிழப்பும் தடுக்கப்பட்டதை அவர்கள் 1984இல் வெளியிட்டனர். அவ்வெலிகளின் எலும்பு இளமையில் சிறியதாகவே இருந்தது. ஆயினும் விரும்பிய அளவு உண்டு வளர்ந்தவற்றுக்கு நேர்ந்த கடைக்கால இழப்பு அவற்றுக்கு நேரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, உணவின் அளவைக் குறைக்காமல், பாலிலிருந்து பெறும் கேசின் என்னும் புரதத்திற்கு மாற்றாகச் சோயாப் புரதத்தை அளித்தபோதும் மூப்புக்கால மிகைச் சுரப்பும் எலும்பிழப்பும் குறைந்ததைக் காட்டினர். முதுமையின் தவிர்க்கவியலாத விதி என்று எண்ணப்பட்ட ஒன்றில் ஒரு பகுதி, தொட்டியில் இடப்பட்ட தீவனத்தின் விளைவாக இருந்தது என்பதே அதன் பொருள். இவ்வுண்மையை எந்த இளம் எலியும் சொல்லியிருக்க முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, தீவனம், சிறுநீரகம், சுரப்பி, எலும்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கியவர்க்கே அது புலப்பட்டது. மூத்த எலியை ஆராய்வதிலுள்ள சிக்கலைக் காட்டி அதனைக் கைவிடச் சொல்வோர், மூத்த மனிதரும் அதே சிக்கலோடுதான் மருத்துவமனைக்கு வருகிறார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

சான்றைத் தவறாக எடைபோட்டால் நேர்வது என்ன என்பதற்கு மருத்துவ வரலாற்றில் முன்நிகழ்வுகள் உள. முதலாவது புளூரைடு பற்றியது. சோடியம் புளூரைடு எலும்பின் அடர்த்தியைப் பெருக்குவது அறியப்பட்டிருந்ததால், எலும்புப்புரைக்கு அது மருந்தாகும் என்ற நம்பிக்கை வலுத்திருந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரிக்ஸ் தலைமையிலான குழு, எலும்புப்புரை கொண்ட 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவை 1990இல் வெளியிட்டது. கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. எனினும் முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவோ மருந்தற்ற குழுவினரைக் காட்டிலும் மிகுந்தது. அடர்த்தி வேறு, வலிமை வேறு என்னும் பாடம் அன்று பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எலும்பின் அளவோடு அதன் தரத்தையும் விலங்குகளில் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் பின்னணியில் இப்பாடம் இருந்தது.

இரண்டாவது முன்நிகழ்வு, எலியின் அகவையைப் பற்றிய நம் வாதத்திற்கு நேரடியாகத் தொடர்புடையது. பாராதைராய்டு சுரப்பியின் இயற்கைச் சுரப்பில் ஒரு பகுதியை ஒத்த டெரிபாரடைடு என்னும் மருந்து, புதிய எலும்பைக் கட்டும் ஆற்றல் கொண்டது. மனிதரிடம் அதன் ஆய்வுகள் நடைபெற்றுக்கொண்டிருக்கையில், அதே மருந்தை ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் பெற்ற எலிகளுக்கு எலும்புப் புற்று தோன்றியது தெரிய வந்தது. 1998 டிசம்பரில் மனித ஆய்வுகள் முன்கூட்டியே நிறுத்தப்பட்டன. நிறுத்துவதற்கு முன் கிடைத்திருந்த முடிவுகளே, 1637 பெண்களிடம் நடந்த ஆய்வில், முதுகெலும்பு முறிவு 65 விழுக்காடு குறைந்ததைக் காட்டின. 2002இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு ஒப்புதல் தரப்பட்டபோது, எலும்புப் புற்று பற்றிய கடும் எச்சரிக்கை கட்டமிட்டு அச்சிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்றும் வரையறுக்கப்பட்டது.

அந்த எலிகளின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அவற்றுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது, அவை ஆறேழு கிழமை வயதே நிரம்பிய வளரும் குட்டிகளாக இருந்தபோது. தொடர்ந்தது இரண்டு ஆண்டுகள், அதாவது எலியின் ஆயுளில் பெரும்பகுதி. அளவோ மனிதர் பெறுவதைக் காட்டிலும் பன்மடங்கு. பின்னர் 2004இல் வெளியான தொடராய்வில், ஆறு மாத வயதை எட்டி வளர்ச்சி தணிந்த பெண் எலிகளுக்குக் குறைந்த அளவில் அம்மருந்தைக் கொடுத்தபோது, இருபது மாதம் நீடித்தும் எலும்புப் புற்று மிகவில்லை. மனிதரிடம் பல ஆண்டுகள் நடந்த கண்காணிப்பிலும் அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிட்டாத நிலையில், 2020 நவம்பரில் கட்டமிட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஒப்புதலுக்கும் நீக்கத்துக்கும் இடைப்பட்டது பதினெட்டு ஆண்டுகள். எச்சரித்தவர் பிழை செய்தார் என்று நாம் கூறவில்லை. ஐயம் எழுந்தவிடத்து மனித உயிரின் பக்கம் சாய்ந்து நிற்பதே மருத்துவ அறம். ஆனால் மருந்து தொடங்கும் வயது, வளர்ச்சியின் நிலை, மருந்து நீடித்த காலம் ஆகியவற்றை மனித முதுமையோடு பொருத்தி வகுத்த ஆய்வு முன்னரே கையில் இருந்திருக்குமாயின், மருத்துவரும் நோயாளியும் அந்த நெடிய அச்சத்தின் எடையைச் சரியாக அளந்திருக்கக்கூடும்.

இரண்டு முன்நிகழ்வுகளும் எதிரெதிர்த் திசைகளில் சென்று ஒரே உண்மையை நிலைநாட்டுகின்றன. ஒன்றில் தகுதியற்ற அளவுகோல் பொய்யான நம்பிக்கையைத் தந்தது. மற்றொன்றில் பொருந்தாத வயதின் சான்று மிகையான அச்சத்தைத் தந்தது. முதியோர் இரண்டுக்கும் விலை கொடுத்தனர்.

இவ்வளவு அறிந்த பின்னும் இளம் எலியே ஏன் ஆய்வுமேசையை நிறைக்கிறது என்று கேட்பின், விடை எளிது: காலமும் பொருளும். மூன்று மாத எலியை வாங்கி, மூன்று மாதத்தில் ஆய்வை முடித்து, ஆண்டு முடிவதற்குள் கட்டுரை வெளியிடலாம். இரண்டு ஆண்டு வயதுள்ள எலி வேண்டுமாயின் யாரேனும் ஒருவர் இரண்டு ஆண்டுகள் அதற்கு உணவும் இடமும் கண்காணிப்பும் தந்தாக வேண்டும், இடையில் பல இறக்கும், எஞ்சியவை நோயுறும், எண்ணிக்கை குறையும். மூன்று ஆண்டுக்கென ஒதுக்கப்பட்ட ஆய்வு நிதியில் அதற்கு இடம் ஏது? முனைவர் பட்டத்திற்குப் பதிவுசெய்த மாணவர் எத்தனை காலம் காத்திருப்பார்? ஆகவே குறை தனி ஆய்வாளரிடம் மட்டும் இல்லை; விரைவைப் பரிசளித்துப் பொறுமையைத் தண்டிக்கும் அமைப்பிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1974இல் நிறுவப்பட்ட தேசிய முதுமையியல் நிறுவனம், ஆய்வாளர் அனைவர்க்கும் பொதுவாக முதிய எலிகளையும் சுண்டெலிகளையும் வளர்த்து வழங்கும் ஏற்பாட்டைச் செய்தமைக்கு இதுவே காரணம். தனியொருவரால் சுமக்க இயலாத காலத்தின் சுமையை ஒரு நாடு பொதுவில் ஏற்கலாம் என்பதற்கு அது நல்லதொரு முன்மாதிரி.

உயிர்களின்பால் நாம் கொண்ட கடமையும் இதில் அடங்கியுள்ளது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர், விலங்காய்வுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: மாற்றுவழி இருப்பின் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1998இல் வகுக்கப்பட்ட விதிகளும் ஆய்வுக்கூட விலங்குகளின் வளர்ப்பையும் பயன்பாட்டையும் மேற்பார்வையிடுகின்றன. இந்நெறிகளின் உட்பொருளை எண்ணிப் பார்ப்பவர் ஒன்றை உணர்வர்: தவறான வயதுள்ள எலியிடம் தவறான வினாவைத் தொடுத்து ஆயிரம் உயிர்களை மாய்ப்பதைக் காட்டிலும், சரியான வயதுள்ள சில உயிர்களிடம் சரியான வினாவைத் தொடுப்பதே அறத்துக்கு அண்மையானது. கொல்லப்படும் உயிர், பயனுள்ள ஓர் உண்மையையேனும் தந்துவிட்டுச் செல்ல வேண்டும். அதனைத் தராத ஆய்வு எத்துணை இரக்கத்தோடு நடத்தப்பட்டாலும் அது வீண் கொலையே.

எலி எவ்வளவு மூத்தாலும் மனிதராகிவிடாது என்பதையும் மறந்துவிடலாகாது. எலியின் புற எலும்பில், மனித எலும்பில் இடையறாது நிகழும் உட்புதுப்பித்தல் பெரிதும் இல்லை. அதனாலேயே 1994ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அத்தகைய புதுப்பித்தல் உள்ள பெரிய விலங்கொன்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னது. நான்கு காலில் நடக்கும் எலியின் இடுப்பில் விழும் பளுவும் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் நம் இடுப்பில் விழும் பளுவும் ஒன்றல்ல. கூண்டுக்குள் ஓடியாட இடமின்றி, வேண்டிய மட்டும் உண்டு வளரும் எலியின் மூப்பு, காட்டில் வாழும் எலியின் மூப்பும் அன்று. முதிய மனிதருக்குச் சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிவது போல முதிய எலிக்கு முறிவதில்லை. எனவே முதிய எலியை ஆராய்ந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. குறைபாடுள்ள இரு சான்றுகளுள், கேட்கப்படும் வினாவுக்கு அண்மையில் நிற்கும் சான்றையே முன்னிறுத்த வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

செய்யத்தக்கது எது? முதலாவது, ஆய்வுக்கு நிதி வழங்கும் அரசு அமைப்புகள், முதுமை பற்றிய ஆய்வு என்று விண்ணப்பிப்போரிடம் விலங்கின் வயதைத் தேர்ந்ததற்கான காரணத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2016 முதல் ஆய்வு விலங்குகளின் பால் வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுமாறு வற்புறுத்தியதும், 2019 முதல் மனித ஆய்வுகளில் முதியோரைத் தக்க காரணமின்றி விலக்கலாகாது என்று விதித்ததும் நிதி வழங்குவோர் விரும்பினால் வழக்கத்தை மாற்ற இயலும் என்பதற்குச் சான்றுகள். விலங்கின் அகவைக்கும் அத்தகைய விதி வேண்டும். இரண்டாவது, நம் நாட்டிலும் முதிய ஆய்வெலிகளைப் பொதுவில் வளர்த்து, ஆய்வாளர்க்கு வழங்கும் நிலையான ஏற்பாடு தேவை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போல ஆய்வு விலங்கு வளர்ப்பில் நெடிய பட்டறிவு கொண்ட அமைப்புகள் இருக்கையில், இது இயலாத செயலன்று. மூன்றாவது, ஆய்விதழ்கள். விலங்கின் இனம், வகை, பால், வயது ஆகியவற்றைத் தெளிவுறக் குறிக்க வேண்டும் என்று 2010இல் வகுக்கப்பட்டு 2020இல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டுதல் கூறுகிறது. வயதை உட்பக்கத்தில் ஒரு வரியில் புதைத்துவிட்டுத் தலைப்பில் முதுமை என்று அறிவிக்கும் கட்டுரைகளைப் பதிப்பாசிரியர்கள் திருப்பி அனுப்பத் தயங்கலாகாது.

மருந்தையும் சத்துப் பொருளையும் விற்போர்க்கும் இதில் பொறுப்பு உண்டு. எலும்பை வலுப்படுத்துவதாக ஆய்வுகள் நிறுவியுள்ளன என்று பொதியில் அச்சிடுமுன், அவ்வாய்வு மனிதரிடம் நடந்ததா எலியிடம் நடந்ததா, எலியாயின் அது எத்தனை மாதத்து எலி, அளந்தது அடர்த்தியையா முறிவையா என்பவற்றைச் சொல்லும் கடப்பாடு அவர்களுக்கு உண்டு. சொல்லாதவரைச் சொல்ல வைக்கும் கடப்பாடு அரசுக்கு உண்டு. புதிய கண்டுபிடிப்பு என்று தலைப்பிட்டு வெளியிடும் இதழ்களும் இதே வினாக்களைத் தொடுத்த பின்னரே அச்சேற்ற வேண்டும். முதுமையின் அச்சம் எளிதில் விலைபோகும் பொருள். அதனை மூலதனமாக்குவோர்க்கு இளம் எலியின் சான்று வாய்ப்பான கருவியாகிவிடலாகாது.

முதுமை என்பது ஒரு சுரப்பி ஓய்ந்துபோவது மட்டுமன்று. குடலும் சிறுநீரகமும் தசையும் மச்சையும் உணவும் நடையும் ஒன்றோடொன்று பின்னிப் பல ஆண்டுகளில் எழுதும் கணக்கு அது. அக்கணக்கைப் படிக்க விரும்புவோர் அது எழுதி முடிக்கப்படும் வரை காத்திருக்கும் பொறுமை உடையராதல் வேண்டும். அப்பொறுமைக்கு ஆகும் செலவை ஏற்பது அரசின் கடமை. வாசகர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: முதியோரின் எலும்பைக் காப்பதாக ஒரு மருந்தோ சத்துப் பொருளோ உங்கள் முன் வைக்கப்படும்போது, அது எந்த உயிரில், எந்த வயதில், எதனை அளந்து நிறுவப்பட்டது என்று கேளுங்கள், விடை கிடைக்கும்வரை அதனை ஏற்காதீர்கள்.